அடைக்கக் கூடாத குழாய்

(பாகான் செராயில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கார்களைப் பற்றிய பேச்சு என்றால் பிஸ்டன், கிராங்க், கியர் பெட்டி என்று பெரிய உறுப்புகளை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது சில ரிங்கிட் விலையுள்ள ஒரு ரப்பர் குழாய். ஃபோக்ஸ்வாகன் பீட்டில், மலேசியாவில் மலாய்க்காரர்கள் ஆமைக்கு ஒப்பிட்டு ‘குரா’ என்று அழைக்கும் வண்டி, எல்லோருக்கும் தெரிந்தது. உலகம் முழுவதும் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டு, 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் உற்பத்தி நின்றது. 1960களின் பிற்பகுதியில் நம் ஷா ஆலாமிலும் சாம்பியன் மோட்டார்ஸ் ஆலையில் இதைப் பூட்டி விற்றார்கள். இதன் பின்புற எஞ்சினில், எண்ணெய் ஊற்றும் கழுத்திலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு குழாய் போகிறது. அதுதான் பிரீதர் குழாய். எண்ணெய் ஒழுகுகிறது, புகை நாறுகிறது, கார்புரேட்டர் அழுக்காகிறது என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி இதை அடைத்துவிடுகிறார்கள். அல்லது கழற்றித் திறந்தே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்பதே என் வாதம். காற்றால் குளிரும் இந்த எஞ்சினில் எண்ணெய் ஒழுகாமல் தடுப்பது, எண்ணெயைக் காப்பது, சூட்டைக் கடத்துவது ஆகிய மூன்று வேலைகளிலும் இந்தக் குழாய்க்குப் பங்கு உண்டு. அதைத் தொந்தரவு என்று நினைக்கிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் கெடுக்கிறார்கள்.

குழாய் எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல முப்பது, நாற்பது மடங்கு ஏறுகிறது. பிஸ்டன் ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த அழுத்தத்தை முழுதாகத் தடுக்காது. கொஞ்சம் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். எவ்வளவு இறங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1300 எஞ்சினின் உண்மையான கொள்ளளவு 1285 சிசி. நிமிடத்துக்கு 3000 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அத்தனை சிலிண்டரும் நிறைவதாகக் கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1900 லிட்டர் கலவை உள்ளே போகிறது. அதில் நூறில் ஒரு பங்கு ரிங்கைத் தாண்டுவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 19 லிட்டர். கிராங்க் கேஸுக்குள் காற்றுக்கு இருக்கும் இடமோ சில லிட்டர்தான். ஐந்து லிட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், வெளியேற வழியே இல்லாவிட்டால் கால் நிமிடத்தில் உள்ளே வளிமண்டலத்தைப் போல இரு மடங்கு அழுத்தம் வந்துவிடும். நடைமுறையில் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. காரணம், வாயு வேறு வழி தேடிக்கொள்கிறது. அந்த வேறு வழி எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலாவது, ஒழுகல். இந்த எஞ்சினின் அமைப்பில் பலர் கவனிக்காத ஓர் உண்மை உண்டு. கிராங்கின் ஃப்ளைவீல் பக்கத்தில் ரப்பர் சீல் இருக்கிறது. ஆனால் ஃபேன் பெல்ட் ஓடும் புல்லி பக்கத்தில், ஆலை செய்த வடிவத்தில், சீலே கிடையாது. எண்ணெயை வீசியெறியும் ஒரு தட்டு, புல்லியின் கழுத்தில் வெட்டிய ஒரு சுருள் மரை, இவ்வளவுதான். சுழற்சியில் தட்டு எண்ணெயை வெளிப்புறமாக எறியும். மீறி வந்த எண்ணெயைச் சுருள் மரை உள்ளே திருப்பி அனுப்பும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமமாகவோ, அதைவிடச் சிறிது குறைவாகவோ இருக்கும் வரை இந்த ஏற்பாடு பத்தாண்டுக் கணக்கில் தேயாமல் வேலை செய்யும். உள்ளே அழுத்தம் கூடிவிட்டால், மரை திருப்பி அனுப்பும் வேகத்தைவிட வாயு வெளியே தள்ளும் வேகம் மிகுந்து, எண்ணெய் புல்லி வழியே வெளியே வரும். ஆகவே புல்லி பக்கத்துக் கசிவைக் கண்டதும் ‘சீல் போய்விட்டது’ என்று சொல்வதற்கு இடமில்லை. போவதற்கு அங்கே சீல் இல்லை. புஷ் ராட் குழாய்களின் இருமுனை ரப்பர்கள், கம்பி வளையத்தால் பிடித்து வைத்த வால்வ் மூடியின் கார்க் பேக்கிங் ஆகியவற்றின் நிலையும் இதுவே. வால்வ் பக்கம் ஏறிய எண்ணெய் அந்தப் புஷ் ராட் குழாய்கள் வழியாகத்தான் கேஸுக்குத் திரும்ப வேண்டும். கேஸிலிருந்து வாயு அதே வழியில் எதிர்த்து ஏறினால், எண்ணெய் மேலேயே தேங்கிப் பேக்கிங்கை நனைக்கும். பேக்கிங்கை மாற்றி மாற்றிச் சலிப்பவர்கள் பார்க்க வேண்டியது பேக்கிங்கை அல்ல, பிரீதரை.

இரண்டாவது, எண்ணெய். இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை. சிலிண்டர் தலையின் சூட்டில் கணிசமான பங்கை எண்ணெய்தான் சுமந்து எண்ணெய்க் கூலருக்குக் கொண்டு போகிறது. அந்த வேலைக்கு இருப்பது வெறும் 2.5 லிட்டர். காகித எண்ணெய் ஃபில்டரும் இல்லை. அடியில் ஒரு கம்பி வலைச் சல்லடை மட்டும். பெரிய துகளை அது பிடிக்கும். நீரையும் அமிலத்தையும் பெட்ரோலையும் எந்தச் சல்லடையும் பிடிக்காது. ரிங்கைத் தாண்டி வரும் வாயுவில் இருப்பவை பெரும்பாலும் எரியாத பெட்ரோல் கலவை, அதோடு எரிந்த வாயுவின் நீராவி, நைட்ரஜன் ஆக்சைடுகள். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் பிறக்கும். பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். ரிங்கைத் தாண்டுகிற சிறு பங்குதான் எண்ணெயைச் சேரும். ஆனால் அந்தச் சிறு பங்கு ஒவ்வொரு நாளும் வந்துகொண்டே இருக்கிறது. வெளியேற வழி இருந்தால் ஆவியாகப் போகும். வழி இல்லாவிட்டால் குளிர்ந்து எண்ணெயில் கலந்து, மூடியின் அடியில் மோர் நிறத்தில் ஒட்டும் களிம்பாகும். நீரும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து அமிலமாகி பேரிங்கை அரிக்கும். ஆலை இந்த எஞ்சினுக்கு 5000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றச் சொன்னது. அந்தக் கணக்கு, பிரீதர் வேலை செய்யும் என்று நம்பிப் போட்ட கணக்கு.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும்: ‘எண்ணெயில் நீர் சேர்வது குளிர்நாட்டுப் பிரச்சினை; பனி பெய்யும் ஜெர்மனியில் நடக்கலாம், பேராவின் வெயிலில் எப்படி நடக்கும்?’ விடை எண்களில் இருக்கிறது. நம் காலை நேரக் காற்று 25 டிகிரியில் முழு ஈரத்தோடு இருந்தாலும் அதில் நீராவி ஏறத்தாழ 3 விழுக்காடுதான். எரிந்த வாயுவில் அது 12 விழுக்காட்டைத் தாண்டும். அப்படிப்பட்ட வாயு ஏறத்தாழ 50 டிகிரிக்குக் கீழே வந்தாலே நீர்த்துளியாகத் தொடங்கும். கிராங்க் கேஸில் அது எரியாத கலவையோடு சேர்வதால் அந்த எல்லை கீழே இறங்கும். ஆனாலும் இரவெல்லாம் நின்று 25 டிகிரிக்கு வந்த உலோகத்தைத் தொட்டால் துளிர்க்காமல் இருக்காது. கொதிக்கும் சட்டியின் மூடியில் நீர் துளிர்ப்பதற்கு வெளியே பனி பெய்ய வேண்டிய அவசியம் இல்லை. வீட்டிலிருந்து பாசாருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் போய், அணைத்து, மறுபடி திரும்பும் வண்டியில் எண்ணெய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. சேர்ந்த நீரை ஆவியாக்க எண்ணெய் 80 டிகிரிக்கு மேல் சிறிது நேரம் நிற்க வேண்டும். தைப்பிங் வரை ஒரே ஓட்டமாக ஓடுகிற வண்டிக்கு அது கிடைக்கும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்குக் கிடைக்காது. நம் நாட்டின் வெப்பம் நமக்குச் சலுகை தருகிறது என்பது உண்மை, விலக்கு தரவில்லை.

மூன்றாவது, குளிர்ச்சி. திறந்து விடுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. குராவின் எஞ்சின் அறையைச் சுற்றித் தகடுகளும் ரப்பர் விளிம்பும் இருப்பது அழகுக்கு இல்லை. அடியில் புகைக்குழாய்ப் பக்கத்துச் சூடான காற்று மேலே வராமல், மூடியின் துளைகள் வழியே வரும் புதுக்காற்றை மட்டும் ஃபேன் இழுக்க வேண்டும் என்பதற்காகச் செய்த மறைப்பு அது. பிரீதர் குழாயைக் கழற்றி அந்த அறைக்குள்ளேயே திறந்துவிட்டால், அதிலிருந்து வரும் எண்ணெய்ப் படலம் நேரே ஃபேனுக்குப் போகிறது. ஃபேன் அதை எண்ணெய்க் கூலரின் மேலும் சிலிண்டர் துடுப்புகளின் இடுக்குகளிலும் பூசுகிறது. வயல் வரப்புச் சாலையில் தூசியும், அறுவடை முடிந்த பருவத்தில் வைக்கோல் துகளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. சூட்டைக் கடத்த வேண்டிய துடுப்பு கம்பளி போர்த்தது போலாகிறது. எண்ணெய்ச் சூடு ஏறுகிறது. சூடான எண்ணெய் மெலிகிறது. மெலிந்த எண்ணெய் இன்னும் எளிதாக ரிங்கைத் தாண்டுகிறது, ஆவியாகிறது. சுழல் அப்படியே தொடர்கிறது. போதாததற்கு, வண்டிக்குள் சூடு அனுப்பும் காற்றும் இதே ஃபேனிலிருந்துதான் புறப்படுகிறது. அதன் மடல்கள் சரியாக மூடாத வண்டியில் எண்ணெய் நாற்றம் உள்ளே அமர்ந்திருப்பவர்களின் மூக்குக்கு வருகிறது.

பெரும்பாலும் இந்தக் கோளாறு தொடங்குவது பிரீதரில் இல்லை, ஏர் கிளீனரில். பழைய எண்ணெய்த் தொட்டி ஏர் கிளீனர் கனமாகவும் கறுப்பாகவும் இருக்கிறது என்று எடுத்துவிட்டு, குரோம் பூசிய தட்டையான ஃபில்டர் ஒன்றைப் பூட்டுகிறார்கள். பழையதில் பிரீதர் குழாய் சேர ஒரு மூக்கு இருந்தது; புதியவற்றில் பலவற்றுக்கு அது இல்லை. மிஞ்சிப்போன குழாயை என்ன செய்வது? அடை, அல்லது திற. ஏர் கிளீனரோடு பிரீதரைச் சேர்த்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்க காலக் கார்களில் கேஸின் வாயுவைச் சாலையை நோக்கிய ஒரு குழாய் வழியே கீழே விட்டார்கள். வண்டி ஓடும்போது குழாய் வாயில் காற்று உரசி இழுக்கும். நெரிசலில் நின்றால் இழுப்பே இருக்காது. 1950களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்துக்கு, கார்களிலிருந்து வரும் எரியாத எரிபொருள் ஆவி ஒரு மூலப்பொருள் என்பதைக் கால்டெக் நிறுவனத்தின் ஆரி ஹாகன்-ஸ்மிட் காட்டினார். அந்த ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிராங்க் கேஸிலிருந்தே வருகிறது என்பது பின்னர் தெரிந்தது. 1961 மாடல் முதல் கலிஃபோர்னியாவிலும், 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் கேஸ் வாயுவை எஞ்சினுக்கே திருப்பி எரிக்கும் ஏற்பாடு புதிய கார்களில் வந்தது. குராவில் ஃபோக்ஸ்வாகன் தேர்ந்தெடுத்தது எளிய வழி: வால்வ் இல்லை, வெறும் குழாய், ஏர் கிளீனருக்கு. எண்ணெய்க் கழுத்திலிருந்து கீழே தொங்கும் இன்னொரு குட்டைக் குழாயின் நுனியில் பிளவுபட்ட ரப்பர் வாய் ஒன்று. அங்கே சேரும் நீர்த்துளி சொட்டிப் போகும், தூசி ஏறாது. அந்த ரப்பர் வாய் காய்ந்து உதிர்ந்த வண்டிகள்தான் இன்று அதிகம்.

‘எண்ணெய் ஆவியை மறுபடி கார்புரேட்டருக்கே அனுப்பினால் ஜெட் அடைபடாதா, எரிப்பு கெடாதா?’ என்பது அடுத்த எதிர்ப்பு. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் அந்தப் படலம் மிகக் குறைவு. ஏர் கிளீனரின் எண்ணெய்த் தொட்டியே பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ஏர் கிளீனரிலிருந்து எண்ணெய் வழிகிற அளவுக்கு வருகிறதென்றால், குழாய் நமக்கு ஒரு செய்தி சொல்கிறது: ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் மட்டம் மிகுதி, அல்லது பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்து கேஸுக்குள் பெட்ரோல் வடிகிறது. குழாயைக் கழற்றினால் செய்தி நிற்கும், நோய் நிற்காது. எரிப்பைப் பற்றிய அச்சமும் அதே கணக்கில் அடங்கும். எரிப்பைக் கெடுக்கும் அளவுக்கு எண்ணெய் வரும் எஞ்சின் ஏற்கெனவே கெட்டுப்போன எஞ்சின்.

‘அப்படியானால் ஜப்பானியக் காரில் கேஸ் வாயுவை எஞ்சினுக்குள் இழுக்கும் பிசிவி வால்வை வாங்கிப் பூட்டினால் இன்னும் நன்றாக இழுக்குமே’ என்பவர்களும் உண்டு. இழுக்கும், அதுதான் பிரச்சினை. பிசிவி வால்வ் இணைவது கார்புரேட்டருக்குக் கீழே, மேனிஃபோல்டில். அங்கே ஐட்லிங்கில் அழுத்தம் வெளிக்காற்றில் ஏறத்தாழ பாதிதான். அந்த இழுப்பில் வால்வ் வழியே போகும் வாயு கார்புரேட்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது. சோலெக்ஸ் கார்புரேட்டருக்கு அந்தக் காற்றின் கணக்கு தெரியாது, அதற்குரிய பெட்ரோலையும் அது கொடுக்காது. கலவை மெலியும். தண்ணீரால் குளிரும் எஞ்சினில் மெலிந்த கலவை ஐட்லிங் தடுமாற்றத்தோடு நிற்கலாம். காற்றால் குளிரும் எஞ்சினில் அது நேரே சிலிண்டர் தலையின் சூடாக, எக்ஸாஸ்ட் வால்வின் சூடாக ஏறும். வால்வுக்கு ஏற்ப ஜெட்டை மாற்றி, கேஸுக்குள் வடிகட்டிய புதுக்காற்று நுழைய ஒரு வழியும் செய்தால் அது ஒரு முழு ஏற்பாடு. பாதியைச் செய்தால் கேடு. ஏர் கிளீனரில் சேரும் குழாயோ கார்புரேட்டருக்கு மேலே சேர்கிறது. அதன் வழியே வருவதும் கார்புரேட்டரின் தொண்டை வழியாகத்தான் போக வேண்டும், கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அங்கே இழுப்பு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் புல்லியின் சுருள் மரைக்குத் தேவையும் அவ்வளவுதான்.

ஒருவழி வால்வ் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை திருவொற்றியூரில் செய்யப்பட்ட புல்லட் மோட்டார் சைக்கிளை அறிந்தவர்களுக்கு, அதன் பிரீதரின் வாத்து அலகு போன்ற ரப்பர் நினைவிருக்கும். அதே உத்தியைக் குராவில் பூட்டினால் என்ன என்று கேட்கிறார்கள். புல்லட்டுக்கு ஒரே பிஸ்டன், 346 சிசி. அது இறங்கும் ஒவ்வொரு முறையும் கேஸுக்குள் 346 சிசி இடம் குறைகிறது, ஏறும்போது கூடுகிறது. அந்தத் துடிப்பே வால்வைத் திறந்து மூடி, உள்ளே அழுத்தத்தைக் கீழே வைக்கிறது. சித்ரோயன் 2சிவி காரின் இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து ஒரே நேரத்தில் வெளியே போகும். அதனால் அதன் எண்ணெய்க் கழுத்திலும் ஆலையே ஒருவழி மடலை வைத்தது. குராவின் நான்கு சிலிண்டரில் ஒரு ஜோடி உள்ளே வரும்போது மறு ஜோடி வெளியே போகிறது. கேஸின் மொத்த இடம் ஏறத்தாழ மாறுவதே இல்லை. ஒருவழி வால்வுக்குப் பிடித்துக்கொள்ளத் துடிப்பு இல்லாத இடத்தில் அது வெறும் தடையாக நிற்கும். இதிலிருந்து சோதனைக்கும் ஒரு வழி கிடைக்கிறது: குராவின் எண்ணெய் மூடியைத் திறந்ததும் புகை விடாமல் தள்ளிக்கொண்டு வந்தால், அது எஞ்சினின் இயல்பான துடிப்பு என்று சமாதானம் சொல்ல முடியாது, ரிங்கைத் தாண்டி வருவது அது.

பந்தயக் கார்களில் திறந்துதானே விடுகிறார்கள் என்பது கடைசியாக எழும் எதிர்ப்பு. பந்தய எஞ்சின் ஓடுவது மிகுந்த சுற்றில், சில மணி நேரம். முடிந்ததும் எண்ணெயைக் கொட்டிவிடுவார்கள். அங்கும் வாயுவை நேரே காற்றில் விடாமல் எண்ணெயைப் பிடிக்கும் தொட்டிக்குள் விடுவதே வழக்கம். பத்தாண்டு ஓட வேண்டிய வண்டிக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

ஆகவே எண்ணெய் ஒழுகும் குரா பட்டறைக்கு வந்தால் எஞ்சினை இறக்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்று போர்மன்களும் சொந்தக்காரர்களும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் டிப்ஸ்டிக்: மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, எண்ணெயில் பெட்ரோல் வாசம் இருக்கிறதா? இருந்தால் பம்ப் சவ்வையும் கார்புரேட்டர் மிதவையையும் பாருங்கள். அடுத்து குழாய்: சூட்டில் இளகித் தட்டையாகியிருக்கிறதா, நடுவில் தொய்ந்து நீர் தேங்குகிறதா, ஏர் கிளீனர் மூக்கு கரியால் அடைபட்டிருக்கிறதா, கீழ்க்குழாயின் ரப்பர் வாய் இருக்கிறதா? மூன்றாவதாக அளவு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வளைத்து, பாதி நீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் வாயில் காற்றுப் புகாமல் பொருத்தினால் போதும். நீர் எஞ்சினுக்குள் போகாதபடி வளைவு நன்றாகக் கீழே தொங்க வேண்டும். நீர் மட்ட வேறுபாடு 10 சென்டிமீட்டர் என்றால் அழுத்தம் வளிமண்டலத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. எஞ்சின் ஓடும்போது இரு பக்கமும் ஏறத்தாழ சமமாக, அல்லது எஞ்சின் பக்கம் சிறிது இழுத்தபடி நின்றால் பிரீதர் வேலை செய்கிறது. அதன் பிறகும் ஒழுகினால் பேக்கிங்கைக் குறை சொல்லலாம். வெளியே தள்ளினால் குழாயைச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் தள்ளினால் கம்ப்ரெஷன் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. இந்த வரிசையில் முதல் மூன்றுக்கும் செலவு மிகக் குறைவு. நான்காவதைத் தாண்டித்தான் எஞ்சின் இறங்க வேண்டும்.

இந்தக் குழாயால் ஆகாததையும் சொல்லிவிடுவது நேர்மை. புதுக்காற்று நுழைந்து உள்ளே வீசும் வழி இதில் இல்லை. வாயு தானாகத் தள்ளிக்கொண்டு வருவதைத்தான் இது ஏற்றுக்கொள்கிறது. அதனால் குறுகிய ஓட்டத்தில் சேர்ந்த நீரையும் பெட்ரோலையும் முழுதாக வெளியேற்ற அதனால் முடியாது. அந்தக் குறையை நிரப்புவது காலத்தில் எண்ணெய் மாற்றுவதும், வாரத்துக்கு ஒரு முறையாவது எண்ணெய் நன்றாகச் சூடேறும் அளவுக்கு வண்டியை ஓட்டுவதுமே. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு 5000 கிலோமீட்டர் வரை காத்திருக்காமல், மாதக் கணக்கு வைத்து மாற்றுவதே அறிவு. சீல் இல்லாத புல்லி, ஃபில்டர் இல்லாத எண்ணெய், தண்ணீர் இல்லாத குளிர்ச்சி என்று மூன்று சிக்கனங்களைத் துணிந்து செய்த எஞ்சின் இது. கேஸுக்குள் அழுத்தம் ஏறாது என்ற ஒரே நிபந்தனையின் மேல் அந்த மூன்றும் நிற்கின்றன. எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், நிறம், இருக்கை, சக்கரம். ஏர் கிளீனரை மாற்றுவதாக இருந்தால், பிரீதர் குழாய் சேர மூக்கு உள்ளதை மட்டும் வாங்குங்கள். இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது உங்களுக்கு விலை அதிகம்தான்.